அவர் சொன்னதை நீங்கள் சொல்லும்போது: ஆங்கில இலக்கணம், வாசகர் கேள்வி பதில்

இந்த முறை ரிப்போர்ட்டட் ஸ்பீச் பற்றித்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகளைத் தேர்வுக்குத் தயார்படுத்தும் பெற்றோரும் இருக்கிறார்கள், அலுவலகத்தில் மின்னஞ்சல் எழுதித் தவிக்கிறவர்களும் இருக்கிறார்கள். தமிழ் வகுப்பில் அயற்கூற்று என்று படித்தோமே, அதுதான் இது. ஒருவர் பேசியதை மேற்கோள் குறி போட்டு அப்படியே எடுத்து வைக்காமல் நம் பேச்சாக மாற்றிச் சொல்வது. நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன். உதாரணங்களைக் கண்ணால் மட்டும் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: என் மகள் தொடக்கநிலை 6, இந்த ஆண்டு சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதுகிறாள். ‘இஸ்’ என்றால் ‘வாஸ்’, ‘வில்’ என்றால் ‘வுட்’, ‘டுடே’ என்றால் ‘தட் டே’ என்று அட்டவணை முழுவதும் மனப்பாடம். ஆனாலும் வாக்கியங்களை இணைத்தோ மாற்றியோ எழுதும் சிந்தசிஸ் பகுதியில் மதிப்பெண் போய்க்கொண்டே இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசுவதால்தான் இப்படி என்கிறார் என் கணவர். (தெம்பனிஸ் வாசகி)

பதில்: கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தமிழ் பேசுவதால் இல்லை, தயவுசெய்து அதை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் மகளுக்கு அயற்கூற்று ஏற்கெனவே தெரியும். “நான் நாளை வருவேன்” என்று கண்ணன் சொன்னதை, கண்ணன் மறுநாள் வருவதாகச் சொன்னான் என்று தமிழில் மாற்றச் சொன்னால் யோசிக்காமல் மாற்றுவாள். ‘நான்’ மறைந்துவிட்டது, ‘நாளை’ மறுநாள் ஆகிவிட்டது. ஆங்கிலத்திலும் இதெல்லாம் உண்டு. கூடுதலாக ஒன்றே ஒன்றுதான், வினைச்சொல்லும் காலத்தில் ஒரு படி பின்னால் போக வேண்டும். தமிழில் ‘வருவதாக’ என்று எதிர்காலத்திலேயே நின்றுவிடலாம், ஆங்கிலத்தில் ‘செட்’ என்று இறந்தகாலத்தில் தொடங்கிவிட்டால் ‘வில்’ நிற்காது, ‘வுட்’ ஆகிவிடும். அவளுக்குப் புதிதாகப் பழக வேண்டியது அது மட்டும்தான்.

அப்படியானால் மதிப்பெண் எங்கே போகிறது? பெரும்பாலும் அட்டவணையில் இல்லாத இடத்தில். இதைப் பாருங்கள்: “ஐ வில் ரிட்டர்ன் யுவர் புக் டுமாரோ,” மீனா செட் டு அலி. விடை: மீனா டோல்ட் அலி தட் ஷி வுட் ரிட்டர்ன் ஹிஸ் புக் த நெக்ஸ்ட் டே. ‘வில்’, ‘டுமாரோ’ இரண்டையும் பிள்ளைகள் சரியாக மாற்றிவிடுகிறார்கள். ‘யுவர்’ அப்படியே நிற்கும், அல்லது மீனா பெண் என்ற நினைப்பில் ‘ஹெர் புக்’ என்று எழுதிவிடுவார்கள். புத்தகம் யாருடையது? அலியுடையது. அதனால் ‘ஹிஸ்’. இதற்கு எந்த அட்டவணையும் உதவாது, ஏனென்றால் ‘யுவர்’ என்ன ஆகும் என்பது யார் யாரிடம் பேசினார்கள் என்பதைப் பொறுத்தது. அதே வாக்கியத்தை அலியே தன் நண்பனிடம் சொன்னால், மீனா டோல்ட் மி தட் ஷி வுட் ரிட்டர்ன் மை புக் என்று ‘மை’ வந்து உட்காரும்.

ஆகவே எழுதத் தொடங்கும் முன் மகள் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியவை இவை: பேசியது யார், யாரிடம், இப்போது அதைத் திருப்பிச் சொல்வது யார், எப்போது, எங்கிருந்து. இது தெளிவாகிவிட்டால் ‘ஹியர்’ ஏன் ‘தேர்’ ஆகிறது, ‘திஸ்’ ஏன் ‘தட்’ ஆகிறது என்பதற்கு மனப்பாடமே வேண்டாம். இன்னொன்றும் புரியும். அப்பா காலையில் தொலைபேசியில் “ஐ வில் பி லேட் டுடே” என்கிறார், அதை அன்றைக்கே அவள் உங்களிடம் சொல்கிறாள் என்றால் ‘டுடே’ மாற வேண்டியதே இல்லை, ஏனென்றால் இன்னும் அதே நாள்தான். தேர்வுத் தாளில் அது எந்த நாள் என்று தெரியாது, அதனால் அங்கே எப்போதும் ‘தட் டே’ என்றே எழுதட்டும். இந்த வேறுபாட்டை வீட்டில் பேசியே பழக்கலாம். அப்பா ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லட்டும், அதை அவள் முதலில் உங்களிடம் சொல்லட்டும், அப்புறம் ஒரு வாரம் கழித்துப் பாட்டியிடம் சொல்வதுபோல் சொல்லட்டும்.

இறந்தகாலத்தில் பேசியதைத் திருப்பிச் சொல்லும்போது ‘ஹேட்’ வரும். “ஐ லாஸ்ட் மை வாலட் யெஸ்டர்டே” என்பது, ஷி செட் தட் ஷி ஹேட் லாஸ்ட் ஹெர் வாலட் த டே பிஃபோர். ஏற்கெனவே ‘ஹேட்’ இருந்தால் அதற்கும் பின்னால் போக ஆங்கிலத்தில் இடமில்லை, அப்படியே விட்டுவிடலாம். ‘கேன்’ என்பது ‘குட்’, ‘மே’ என்பது ‘மைட்’, ‘மஸ்ட்’ என்பது ‘ஹேட் டு’. ‘ஷுட்’, ‘வுட்’, ‘மைட்’ மாறுவதில்லை.

சிந்தசிஸ் பகுதியில் 5 கேள்விகள், மொத்தம் 10 மதிப்பெண். ஒரு சொல்லைக் கவனிக்காமல் விட்டாலும் குறையும். எழுதி முடித்ததும் மேற்கோள் குறிகள் போய்விட்டனவா, பெயர்ச்சொற்களின் எழுத்துக்கூட்டல் கேள்வியில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று ஒரு முறை விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கட்டடப் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். ‘த விசிட்டர் ஆஸ்க்ட் மி வேர் இஸ் த லிஃப்ட்’ என்று அறிக்கையில் எழுதினேன், மேலாளர் சிவப்பில் வட்டம் போட்டுவிட்டார். என்ன தவறு என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. (ஜூரோங் வாசகர்)

பதில்: கூச்சப்படவே வேண்டாம். இந்த ஊரில் ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர்கள்கூட இப்படித்தான் பேசுகிறார்கள். காப்பிக் கடையில், ரயிலில், அலுவலகத்தில் எங்கும் காதில் விழுவதால் நம் காது இதைத் தவறென்று எச்சரிப்பதே இல்லை. பேச்சில் யாருக்கும் புரியாமல் போகாது, நான் அதைப் பெரிதுபடுத்த மாட்டேன். அறிக்கையிலும் மின்னஞ்சலிலும் திருத்திக்கொள்வது உங்களுக்கு நல்லது.

வந்தவர் கேட்டது கேள்வி. அதை நீங்கள் எழுதும்போது நீங்கள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை, நடந்ததைத் தெரிவிக்கிறீர்கள். அதனால் சொற்களும் தெரிவிக்கும் வாக்கியத்தின் வரிசைக்குத் திரும்ப வேண்டும்: த விசிட்டர் ஆஸ்க்ட் மி வேர் த லிஃப்ட் வாஸ். ‘லிஃப்ட்’ முதலில், ‘வாஸ்’ பிறகு. கேள்விக்குறியும் கிடையாது, முற்றுப்புள்ளிதான். கேள்விக்காக வந்த ‘டு’, ‘டஸ்’, ‘டிட்’ எல்லாம் காணாமல் போய்விடும். “வேர் டு யு வர்க்?” என்பது, ஹி ஆஸ்க்ட் மி வேர் ஐ வர்க்ட். 

ஆமாம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வியாக இருந்தால் நடுவில் ‘இஃப்’ அல்லது ‘வெதர்’ வேண்டும். “டிட் யு லாக் த டோர்?” என்று கேட்டார் என்றால், ஹி ஆஸ்க்ட் மி இஃப் ஐ ஹேட் லாக்ட் த டோர். இங்கே ‘ஆஸ்க்ட்’ பக்கத்தில் ‘தட்’ சேர்க்காதீர்கள். ‘என்று கேட்டார்’ என்பதில் உள்ள ‘என்று’க்கு ஈடாக ஒன்று வேண்டுமே என்று நம் கை தானாக ‘தட்’ எழுதப் போகும். ‘இஃப்’, ‘வெதர்’, ‘வேர்’, ‘வை’ இவையே அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

கேள்வி: ‘செட்’, ‘டோல்ட்’ எதை எப்போது எழுதுவது? (பிடோக் வாசகர்)

பதில்: ‘டோல்ட்’ எழுதினால் உடனே யாரிடம் என்பது வர வேண்டும். ஹி டோல்ட் மி தட் ஹி வாஸ் பிஸி. ஆள் இல்லையென்றால் ‘செட்’. ஹி செட் தட் ஹி வாஸ் பிஸி. ‘ஹி டோல்ட் தட்’ என்பதும் ‘ஹி டோல்ட் டு மி’ என்பதும் நம்மவர்கள் எழுத்தில் நான் அதிகம் பார்க்கும் பிழைகள், இரண்டையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: நாளிதழில் ‘த ஸ்போக்ஸ்பர்சன் செட் த லிஃப்ட்ஸ் வில் பி ரிப்பேர்ட்’ என்று வருகிறது. ‘செட்’ வந்தால் ‘வுட்’ தானே வர வேண்டும்? பத்திரிகைக்காரர்களே தவறு செய்யலாமா? (தோ பாயோ வாசகர், பணி ஓய்வு பெற்றவர்)

பதில்: ஐயா, அது தவறில்லை. பழுதுபார்ப்பு இன்னும் நடக்கவில்லை, செய்தியைப் படிக்கும்போதும் அது வரப்போகிற விஷயம்தான். அப்படி இருக்கையில் ‘வில்’ என்றே விடலாம், ‘வுட்’ என்றும் எழுதலாம். பள்ளிப் புத்தகம் இந்த விருப்பத்தைச் சொல்லாமல் பின்னால் போகும் வழியை மட்டும் கற்பிக்கிறது, பிள்ளைகளுக்கு அது பாதுகாப்பான வழி என்பதால். ஆனால் காலத்தை மாற்றுவதா வேண்டாமா என்பதில் எழுதுகிறவர் எதையோ சொல்கிறார் என்பதுதான் இந்த இலக்கணத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஷி செட் ஷி இஸ் சிக் என்றால், இன்னும் உடம்பு சரியில்லை என்று நானும் எடுத்துக்கொள்கிறேன். ஷி செட் ஷி வாஸ் சிக் என்றால், அவர் அப்படிச் சொன்னார், அவ்வளவுதான், இப்போது எப்படி இருக்கிறார் என்பதற்கு நான் பொறுப்பேற்கவில்லை. பூமி தட்டையானது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள் என்று எழுதும்போது ‘த எர்த் வாஸ் ஃப்ளாட்’ என்றுதான் எழுத வேண்டும், ‘இஸ்’ போட்டால் எழுதியவரும் அதை நம்புவதுபோல் ஆகிவிடும். மாறாத உண்மைக்கு இது தலைகீழ். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 137 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, அதை ஆசிரியர் போன வருடம் சொல்லியிருந்தாலும், த டீச்சர் செட் தட் சிங்கப்பூர் லைஸ் நார்த் ஆஃப் த இக்வேட்டர் என்று நிகழ்காலத்திலேயே எழுதலாம். 

குடியிருப்பாளர் குழுக் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதுவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அங்கே ‘வுட்’ பக்கம்தான் நான். நாளிதழை அன்றே படித்துவிடுவார்கள், கூட்டக் குறிப்பை யாரோ ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். அப்போது ‘வில்’ என்று இருந்தால் வேலை நடந்ததா, இனிமேல்தானா என்று குழம்பும். ‘டுமாரோ’, ‘நெக்ஸ்ட் வீக்’ போன்றவற்றுக்குப் பதிலாகத் தேதியையே எழுதிவிடுங்கள். யாராவது சொன்ன சொற்கள் அப்படியே தேவைப்படும் இடத்தில், ஒரு புகாரிலோ வாக்குமூலத்திலோ, அயற்கூற்றே வேண்டாம். மேற்கோள் குறி போட்டு அவர் சொன்னபடியே எழுதுவதுதான் நேர்மை.

கேள்வி: பேரனுக்கு நான்தான் பாடம் சொல்லித் தருகிறேன். கட்டளை வாக்கியத்தை மாற்றச் சொன்னால் ‘டோல்ட் ஹிம் டு டோன்ட் ஈட்’ என்று எழுதுகிறான். ‘லெட்ஸ்’ வந்தால் எனக்கே தடுமாற்றம். (ஈசூன் வாசகி)

பதில்: கட்டளைக்குக் காலம் மாற்றும் வேலையே இல்லை பாட்டி, அதனால் பேரனுக்கு இது சுலபமாக வரும். ஆளைச் சொல்லி, ‘டு’ போட்டு, வினைச்சொல்லை வெறுமனே எழுத வேண்டியதுதான். கூடாது என்றால் ‘டோன்ட்’ போய், ‘டு’வுக்கு முன்னால் ‘நாட்’ வரும். நம் ரயிலில் சாப்பிட்டால் 500 வெள்ளி அபராதம் என்று பலகை இருக்கிறதே, அதையே உதாரணமாக எடுங்கள். “டோன்ட் ஈட் ஆன் த ட்ரெய்ன்” என்று ஊழியர் சிறுவனிடம் சொன்னார்: த ஆஃபிசர் டோல்ட் த பாய் நாட் டு ஈட் ஆன் த ட்ரெய்ன். 

‘ப்ளீஸ்’ இருந்தால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘டோல்ட்’ இருக்கும் இடத்தில் ‘ரிக்வெஸ்டட்’ போடலாம், பணிவு அதிலேயே வந்துவிடும். எச்சரித்தால் ‘வார்ன்ட்’, நினைவூட்டினால் ‘ரிமைண்டட்’, அறிவுரை என்றால் ‘அட்வைஸ்ட்’. இவை எல்லாமே அதே அமைப்பில் போகும். பேரன் ‘டோல்ட்’ ஒன்றையே பிடித்துக்கொள்ளாமல் சொன்னவரின் குரல் எப்படி இருந்தது என்று யோசிக்கத் தொடங்கினால் அவன் எழுதும் கட்டுரையும் மேம்படும்.

‘லெட்ஸ்’ வந்தால் மட்டும் வழி வேறு. அது கட்டளை இல்லை, யோசனை. “லெட்ஸ் டேக் த பஸ்” என்று ரவி சொன்னான் என்றால், ரவி சஜெஸ்டட் டேக்கிங் த பஸ். அல்லது, ரவி சஜெஸ்டட் தட் தே டேக் த பஸ். பின்னதில் ரவி ஒருவனாக இருந்தாலும் பேருந்தில் போவது எல்லோரும் என்பதால் ‘தே’. ‘அட்வைஸ்ட் மி டு’ என்று எழுதிய பழக்கத்தில் ‘சஜெஸ்டட் மி டு’ என்றும் எழுத வரும், அது கூடாது. ‘சஜெஸ்டட்’ பக்கத்தில் ஆள் நேராக வந்து நிற்பதில்லை.