வாசகர் கேள்வி – பதில்: தோட்ட வரைபடத்துக்கு ஒரு தனிக் குழு

கேள்வி: சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் வரைபட வேலை பார்க்கிறேன். புவியியல் தகவல் சங்கத்தில் உறுப்பினர். தோட்டத்துறைக்கென்று அதற்குள் ஓர் ஆர்வக் குழு தொடங்க ஐந்தாறு பேர் தயார். தனியாகப் பதிய வேண்டுமா?

பதில்: வேண்டாம். தனிச் சங்கமாகப் பதிய மலேசியாவின் 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். பிறகு ஆண்டுக் கூட்டம், கணக்கு, ஆண்டறிக்கை எல்லாம் உங்கள் தலையில் விழும். தாய்ச் சங்கத்தின் செயற்குழுவிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுத்து எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். குழுவின் பெயர், வேலை, யார் சேரலாம், செலவுக்கு யார் கையெழுத்து, குழுவை எப்போது கலைப்பது என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். பணம் தாய்ச் சங்கக் கணக்கிலேயே ஓடட்டும். தனிக் கணக்கு திறந்த இடத்தில்தான் சச்சரவு தொடங்கும்.

பேச்சுக் கூட்டங்களை மட்டும் நம்பினால் குழு படுத்துவிடும். மென்பொருள் விற்பவர் வந்து பேசிவிட்டுப் போவார், அடுத்த மாதம் பாதிப் பேர் வரமாட்டார்கள். முதல் ஆண்டுக்கு ஒரே வேலை எடுங்கள்: பிளாக் (தோட்டப் பிரிவு) அட்டவணைக்குப் பொது வடிவம். ஒரு தோட்டத்தில் ‘பிளாக் 7’, அடுத்ததில் ‘பி07’, இன்னொன்றில் நடவு ஆண்டும் ஒட்டிக்கொண்டு ‘பி07/98’. பிளாக் எண், நடவு ஆண்டு, ஹெக்டர், மர எண்ணிக்கை ஆகியவற்றைத் தனித்தனிப் பத்தியாகப் பிரியுங்கள். பழைய பதிவேட்டு ஏக்கரை 0.4047-ஆல் பெருக்கினால் ஹெக்டர்.

தோட்ட வரைபடம் நிர்வாகத்தின் சொத்து. எழுத்து அனுமதி இல்லாமல் குழுவில் பகிராதீர்கள். வடிவமும் செய்முறையும் மட்டும் போதும்.

கேள்வி: பழைய தோட்டப் படத்தை ஸ்கேன் செய்து கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றினேன். செயற்கைக்கோள் படத்தோடு பொருந்தவில்லை. எங்கே தவறு? (வாசகர், பகாவ்)

பதில்: விலகல் எப்படி இருக்கிறது என்பதிலேயே விடை இருக்கிறது. எல்லா இடமும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு தள்ளியிருந்தால் குற்றம் படத்தின் அளவை அடிப்படையில் (datum), அதாவது இட எண்களைக் கணக்கிடும் மூலத்தில் இருக்கிறது. பழைய படங்கள் பகாங்கின் கெர்தாவ் குன்றை மூலமாகக் கொண்டவை. அதில் அச்சான அட்ச, தீர்க்க ரேகையை அப்படியே இன்றைய ஜிபிஎஸ் எண்ணாக எடுத்தால், இடம் ஏறக்குறைய 150 மீட்டர் தள்ளி விழும். படம் ஆர்எஸ்ஓ எனப்படும் தீபகற்ப மலேசிய வரைபடக் கட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்: சங்கிலி என்ற பழைய நீள அளவில் இருந்தால் மென்பொருளில் கொடுக்கும் இபிஎஸ்ஜி (EPSG) குறியீடு 3167, மீட்டரானால் 3168. முதலில் அதைக் கொடுத்துப் பொருத்திவிட்டு, பிறகுதான் 3375-க்கு, அதாவது கெர்தாவுக்குப் பின் வந்த ஜிடிஎம்2000 அடிப்படைக்கு மாற்றுங்கள். நில அளவைப் பிளானாக இருந்தால் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் காசினி என்ற வரைபட முறையாக இருக்கும். அதற்கு இந்த எண்கள் செல்லாது.

விலகல் இங்கே ஒரு பக்கம், அங்கே மறுபக்கம் என்றால் உங்கள் கட்டுப்பாட்டுப் புள்ளிகள், அதாவது படத்தையும் நிலத்தையும் இணைக்க நீங்கள் குறித்த இடங்கள், சரியில்லை. மரத்தையும் லயத்தையும் புள்ளியாக எடுக்காதீர்கள். மறுநடவில் மரம் போகும், லயம் இடிபடும். பாலம், கல்வெட்டு எனப்படும் சாலையடி வாய்க்கால், எல்லைக்கல், சாலைச் சந்தி இவைதாம் நிற்கும். கணக்குக்கு 3 போதும் என்றாலும் 6 முதல் 8 வரை எடுங்கள், நான்கு மூலைக்கும் பரவலாக. செம்பனை ஓலைக்கு அடியில் கைப்பேசி ஜிபிஎஸ் பல மீட்டர் தவறும். திறந்த சாலையில் நின்று எடுங்கள்.

மடிப்பு விழுந்த படத்தைக் கைப்பேசியில் படமெடுத்தால் ஓரங்கள் வளையும், தட்டையான ஸ்கேனரில் 300 டிபிஐ வையுங்கள். பொருத்தும்போது படத்தை வளைக்காமல் நகர்த்தி, திருப்பி, நீட்டும் முதல்படிப் பல்லுறுப்பு முறையே (Polynomial 1) போதும். மூன்றாம்படி எடுத்தால் எச்சப்பிழை (பொருத்திய பிறகும் புள்ளியில் மிஞ்சும் விலகல்) குறைந்ததுபோல் காட்டும், ஆனால் புள்ளி இல்லாத பிளாக்குகளை இழுத்து நெளித்துவிடும். எச்சம் அதிகமாக இருக்கும் புள்ளியை உடனே நீக்காமல், நேரில் போய் ஒருமுறை அளந்து பாருங்கள்.