தலைக்குள் இருக்கும் படம்

அன்புள்ள ஐயா,

திருகோணமலை நிலாவெளியிலிருந்து எழுதுகிறேன். வயிற்றுப்பாட்டுக்காகக் கலியாண வீடுகளுக்கும் சாமத்தியச் சடங்குகளுக்கும் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று குறும்படங்கள் எடுத்து இணையத்தில் விட்டிருக்கிறேன். அடுத்ததாக முழுநீளப் பேய்ப்படம் ஒன்றை எவரிடமும் கைகட்டி நிற்காமல் நானே எடுக்கத் தீர்மானித்திருக்கிறேன். இந்த மண்ணில் பிறந்தவன் போரைப் பற்றி எடுக்காமல் பேயைப் பற்றி எடுப்பது துரோகம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கொழும்பில் தயாரிப்பாளர் தேடுவதா, சென்னையில் உதவி இயக்குநராகச் சேர்வதா, எந்தக் கமராவை வாங்குவது என்றெல்லாம் குழப்பமாக இருக்கிறது. கதை முழுவதும் தலைக்குள் இருக்கிறது. எழுதினால் சூடு ஆறிவிடும் என்பதால் திரைக்கதையாக எழுதவில்லை. இத்தகைய படங்களை மட்டும் எடுத்து ஒருவர் வாழ்நாள் முழுவதும் பிழைக்க முடியுமா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது மைக் வில்சனைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் கமராக் கேள்வியைக் கண்டதுமே கடிதத்தை மூடி வைத்திருப்பேன். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்குடன் இலங்கைக்கு வந்த சுழியோடி அவர். 1956இல் இருவரும் நம்முடைய திருகோணமலைச் சுவாமி மலையடியில் கடலுக்குள் இறங்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோவிலின் எச்சங்களைக் கண்டார்கள் என்பது ஊரில் பலருக்குத் தெரியும். அதே வில்சன் 1962இல் ‘ரன்முத்து தூவ’ என்ற படத்தை இயக்கினார் என்பது நம்மவர்களில் அநேகருக்குத் தெரியாது. சிங்களத்தின் முதலாவது வண்ண முழுநீளப் படம் அது. கடலடிப் புதையலைத் தேடும் சாகசக் கதை. இங்கே திருகோணமலையில் எடுக்கப்பட்டது. கிளார்க்கின் பணமும் அதில் இருந்தது. சனம் திரண்டு பார்த்தது. கமராவோடு நீருக்கடியில் போகத் தெரிந்த ஒருவர், தன்னால் மட்டும் முடியக்கூடிய அந்த ஒன்றை நடுவில் வைத்து ஒரு கதையைக் கட்டிக்கொண்டார். அது சிங்களப் படமாயிற்றே என்று முகம் சுளிக்க வேண்டாம். நம் கடலை வைத்து இன்னொருவர் அவ்வளவு அழகாகக் கதை சொல்லியிருப்பதில் பொறாமைப்படத்தான் நமக்கு நிறைய இருக்கிறது.

வில்சன் அதன் பின்னர் 1964இல் ‘கெட்டவரயோ’வையும், 1967இல் ஜேம்ஸ் பொண்ட் பாணியைக் கேலிசெய்யும் ‘சொருங்கெத் சொரு’வையும் எடுத்தார். பிறகு படங்களை விட்டு, கதிர்காமக் கந்தனின் அடியாராகி, சுவாமி சிவ கல்கி என்ற பெயரோடு துறவியாக வாழ்ந்து 1995இல் மறைந்தார். அந்தத் துறவைப் பற்றிக் கருத்துச் சொல்ல நான் யார்? ஆனால் சொந்தக் கையை நம்பிப் படமெடுக்கும் ஒருவருடைய தொழில் சில ஆண்டுகளில் முடிந்துபோவதும் இன்னொருவருடையது அரை நூற்றாண்டு நீடிப்பதும் எதனால் என்ற கேள்வி அவரைப் படித்ததிலிருந்து என்னை விடவில்லை. உங்கள் கடிதத்தின் கடைசி வரியும் அதையேதான் கேட்கிறது.

துரோகம் என்று சொல்லும் நண்பர்களுக்கு அதிக நேரம் கொடுக்காதீர்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக இன்னமும் கதவைத் தாழிடாமல் உறங்கும் வீடுகள் உள்ள மாவட்டத்தில், இறந்தவர் திரும்பி வரும் கதை எப்படிப் போரைத் தவிர்த்த கதையாகும் என்று அவர்களையே கேளுங்கள். கமராவைப் பொறுத்தவரை, கலியாண வீட்டுக்குக் கொண்டுபோகும் அதே கமரா போதும். அந்தத் தொழிலை ஏன் ‘வயிற்றுப்பாட்டுக்காக’ என்று கூனிக் குறுகிச் சொல்கிறீர்கள்? அமெரிக்க இயக்குநர் ஜோர்ஜ் ரொமேரோ 1968இல் செத்தவர்கள் எழுந்து நடக்கும் தன் முதற்படத்தை எடுக்கும் வரை பிற்ஸ்பேர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்தவர். அழுகிற மணப்பெண்ணின் தாயை ஒரே தடவையில், இரண்டாவது வாய்ப்பின்றி, சரியான தூரத்தில் நின்று எடுக்கத் தெரிந்தவருக்கு ஒளிப்பதிவில் எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

என் கோபமெல்லாம் ஒரேயொரு வசனத்தின் மீதுதான்: எழுதினால் சூடு ஆறிவிடுமாம். ஒரு மாதத்தில் ஆறிவிடும் சூட்டை நம்பி, இரண்டு ஆண்டுகள் மற்றவர்களுடைய உழைப்பையும் அநேகமாக வீட்டுப் பெண்களின் நகையையும் விழுங்கப்போகும் ஒரு காரியத்தில் இறங்குவதை நான் துணிச்சல் என்று சொல்லமாட்டேன். உங்களுக்கு எழுதப் பஞ்சியாக இருக்கிறது. அதற்கு ஒரு கௌரவமான காரணம் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

லாரி கோஹன் என்று ஓர் அமெரிக்கர் இருந்தார், 2019இல் மறைந்தார். பேய், அரக்கக் குழந்தை, பறக்கும் ராட்சதப் பாம்பு என்று மரியாதையான விமர்சகர்கள் எட்டிப்பார்க்கத் தயங்கும் படங்களாகவே எடுத்தவர். பெரும்பாலும் தானே எழுதி, தானே இயக்கி, தானே தயாரித்தவர். நியூயோர்க் தெருக்களில் அனுமதி கேட்காமலே படப்பிடிப்பு நடத்தியதையும், சொந்த வீட்டைத் திரும்பத் திரும்பப் படங்களில் காட்டியதையும் அவருடைய இரசிகர்கள் ஆசையோடு சொல்வார்கள். உங்களைப் போன்ற இளைஞர்களுக்கு அந்தக் கதைகள் மட்டும்தான் காதில் விழும். அவர் 1950களின் இறுதியிலிருந்தே தொலைக்காட்சிக்கு எழுதிக் கூலி வாங்கியவர் என்பதும், 1967இல் ஒளிபரப்பான ‘தி இன்வேடர்ஸ்’ என்ற தொடரை உருவாக்கியவர் என்பதும், இயக்குநராக அவருடைய முதற்படம் 1972இல்தான் வந்தது என்பதும் காதில் விழுவதில்லை. கமராவுக்குப் பின்னால் நிற்பதற்கு முன் பத்தாண்டுக்கும் மேலாக எழுதியிருந்தார், தம்பி.

அந்தப் பழக்கம் என்ன செய்தது என்று பாருங்கள். 1980களின் தொடக்கத்தில் ஒரு பெரிய படத்திலிருந்து அவரைத் தூக்கிவிட்டார்கள். வேறொருவராக இருந்தால் ஊர் திரும்பி ஆறு மாதம் புலம்பியிருப்பார். அவரோ, காசு கட்டிவிட்ட ஹோட்டல் அறை வீணாகக் கூடாது என்று, ஆறு நாட்களுக்குள் நடிகர்களையும் பிடித்துப் படப்பிடிப்புக்கான திரைக்கதையையும் ஆயத்தம் செய்து, கிரைஸ்லர் கட்டடத்தின் உச்சியில் கூடு கட்டும் பாம்புப் பறவையின் கதையை எடுக்கத் தொடங்கிவிட்டார். 1982இல் அது திரைக்கு வந்தது. மனிதர் அத்தனை ஆண்டுகள் எழுதியே பழகியிருக்காவிட்டால் அந்த ஆறு நாட்கள் எதற்குப் போதும்?

இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு படம் முழுவதும் தொலைபேசிக் கூண்டு ஒன்றுக்குள்ளேயே நடக்க வேண்டும் என்ற எண்ணத்தை அவர் 1960களிலேயே ஹிட்ச்கொக்கிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் ஏன் கூண்டை விட்டு வெளியே வர முடியாது என்பதற்கு இருவருக்கும் காரணம் கிடைக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே, தூரத்தில் மறைந்திருந்து ஒருவன் துப்பாக்கியால் குறிபார்க்கிறான் என்ற விடை கோஹனுக்குத் தோன்றியது. எழுதினார், விற்றார், ஜோயல் ஷூமாக்கர் அதை இயக்கினார், 2003இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. இயக்குநராகத் தன்னை எவரும் தேடாத காலத்திலும் கோஹனுக்குச் சோறு போட்டது எழுத்துத்தான். உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் தரக்கூடிய பதில் இதுதான்: படமெடுத்து மட்டும் பிழைப்பது கடினம், எழுதத் தெரிந்தவர் இரண்டு படங்களுக்கு இடையிலும் பிழைப்பார். அமெரிக்க இயக்குநர் ஜோன் செய்ல்ஸ் கொலைகார மீன்களையும் ஓநாய் மனிதர்களையும் பற்றி மற்றவர்களுக்குத் திரைக்கதை எழுதிக் கொடுத்து, அந்தக் கூலியில் தன் சொந்தப் படங்களை எடுத்தார். எவரிடமும் கைகட்டி நிற்கமாட்டேன் என்கிறீர்களே, அதற்கு வழி இது. தனியார் தொலைக்காட்சிக்கு நாடகம் எழுதச் சொன்னால் எழுதுங்கள்; வானொலி கேட்டாலும் எழுதுங்கள்.

எழுதாமலே கதை சொன்னவர்கள் இல்லையா என்று நீங்கள் கேட்கக்கூடும். எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமா இருந்தார். ஊரடங்கு இரவுகளில் பிள்ளைகளை விறாந்தையில் இருத்தி, தான் எப்போதோ தியேட்டரில் பார்த்த பேய்ப்படங்களைக் காட்சி காட்சியாகச் சொல்வார். கதவு கிரீச்சிடும் ஒலியையும் பின்னணி இசையையும் அவரே வாயால் எழுப்புவார். அதே படத்தை மறுபடி சொல்லச் சொன்னால், சொல்லுக்குச் சொல் அப்படியே சொல்வார். பேய் வரும் இடத்தில் ஒரு மூச்சு நேரம்கூட முந்தமாட்டார், பிந்தமாட்டார். அந்தப் படங்களில் ஒன்றைப் பல ஆண்டுகளுக்குப் பின்னர் நான் பார்த்தபோது மாமா சொன்ன கதையில் பாதி அதில் இல்லை. மாமாவின் கதை அதைவிட நன்றாக இருந்தது. அவர் தாளில் எழுதவில்லைதான். ஆனால் எந்தப் பிள்ளை எந்த இடத்தில் பயந்தது, எந்த இடத்தில் கொட்டாவி விட்டது என்று இரவு இரவாகப் பார்த்துத் திருத்தித் திருத்தி உறைய வைத்த கதை அது. நீங்கள் உங்கள் கதையை எத்தனை பேருக்கு முன்னால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நிறுத்தாமல் சொல்லிப் பார்த்திருக்கிறீர்கள்? தலைக்குள் இருக்கும் கதையில் ஓட்டைகள் தெரிவதில்லை. நமக்குப் பிடித்த ஏழெட்டுக் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். இடையில் உள்ளவை தாமாக நிரம்பிவிட்டன என்று மனம் நம்பிக்கொள்ளும்.

உங்கள் மூன்றாவது குறும்படத்தைப் பார்த்தேன். கிணற்றடியில் ஆளில்லாமல் வாளி இறங்கும் காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது கற்பித்து வருவதல்ல. ஆனால் கடற்கரையில் அந்தி சாயும் காட்சி என்று ஒன்றை வைத்திருக்கிறீர்கள். நிலாவெளிக் கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. நீங்கள் அங்கேயே பிறந்தவர்! விடியலில் எடுத்ததை அந்தியாகக் காட்டியிருக்கிறீர்கள், பின்னால் கரைவலை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த காட்சியில் நாயகி இரகசியம் பேசுகிறாள். கச்சான் காற்று அவள் குரலை அள்ளிக்கொண்டு போகிறது. காட்சி ஒவ்வொன்றின் தலையிலும் இடத்தையும் பொழுதையும் எழுதியிருந்தால், இவை இரண்டும் தாளிலேயே பிடிபட்டிருக்கும். திருகோணமலைக் கோட்டைக்குள் ஒரு காட்சி என்று எழுதும்போதே அங்கே இராணுவம் இருக்கிறது என்ற நினைவு வரும். மேலிருந்து துறைமுகம் என்று எழுதும்போதே, ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியும், கடற்படை நிற்கும் துறைமுகத்துக்கு அதற்கு மேலும் பல அனுமதிகளும் வேண்டும் என்பது நினைவுக்கு வரும். வாடைக்காற்றுக் காலத்தில் படகுக் காட்சி வைத்தால், நடிகர்களைக் கரையில் இருத்திச் சாப்பாடு போட்டுக்கொண்டிருப்பீர்கள். காசில்லாதவருக்குச் செலவைக் குறைக்கும் அதிகாரம் இருக்கும் ஒரே இடம் திரைக்கதை. தளத்துக்கு வந்த பிறகு எல்லோரும் உங்களிடம் காசு கேட்பவர்கள்தான்.

கொழும்பா, சென்னையா என்பதை எழுதி முடித்த பின்னர் கேளுங்கள். அப்போது கேட்கவே தோன்றாமலும் போகலாம்.

தலைக்குள் இருக்கும் கதைக்குச் சட்டத்திலும் பாதுகாப்பில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வெறும் எண்ணத்தைப் பாதுகாப்பதில்லை. எழுத்தில் வந்த படைப்புக்கோ, எங்கும் பதியாமலே, படைத்த கணத்திலிருந்து உரிமை கிடைக்கிறது. ரொமேரோவின் படத்துக்கு அன்றைய அமெரிக்கச் சட்டம் இதைவிடக் கொடுமையாக இருந்தது. விநியோகஸ்தர் படத்தின் பெயரை மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பும் விடுபட்டுப் போனது. அந்த ஒரு வரிக்காக முழுப் படமும் பொதுச் சொத்தாகி, யார் யாரோ பிரதியெடுத்து விற்றார்கள். நீங்கள் உங்கள் திரைக்கதையின் முதற்பக்கத்தில் பெயரையும் திகதியையும் எழுதுங்கள். தயாரிப்பாளர் எவருக்கும் கொடுப்பதற்கு முன், எதைக் கொடுக்கிறீர்கள், எத்தனை காலத்துக்கு, என்ன விலைக்கு என்பதைத் தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். எனக்கு அனுப்ப ஒப்பந்தம் வேண்டாம், பக்க எண் போட்டால் போதும். குரல்பதிவாக அனுப்பினால் கேட்கமாட்டேன்.