முடிவு தெரியாமல் எழுதுவது

அன்புள்ள ஐயா,

முன்பெல்லாம் நீங்கள் தொடர்களைப் பற்றி வாரம் ஒரு குறிப்பு எழுதுவீர்கள். இப்போது ஒரு சீசனுக்கு ஒரே கட்டுரை, அதிலும் பாதி கதைச்சுருக்கம். எல்லா எபிசோடும் ஒரே நாளில் வந்துவிடுவது எங்களுக்கு வசதிதான். எழுதுகிறவருக்கு மட்டும் அதில் என்ன கஷ்டம்?

வெ., திருச்சி

அன்புள்ள வெ.,

வசதிதான், மறுக்கவில்லை. நானும் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து பார்க்கிறவன்தான். ஆனால் அப்படிப் பார்த்த தொடரில் ஐந்தாவது எபிசோட் எங்கே முடிந்தது என்று கேட்டால் முழிப்பேன்.

2013 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் 13 எபிசோடுகளையும் ஒரே நாளில் இறக்கியது. அதற்கு முன்பே அமெரிக்கப் பத்திரிகைகளில், ராத்திரி ஒளிபரப்பான எபிசோடுக்கு மறுநாளே விமர்சனம் எழுதும் பழக்கம் இருந்தது. எழுதுகிறவருக்கும் முடிவு தெரியாது. இவன்தான் கொலைகாரன் என்று அடித்துச் சொல்வார், அடுத்த வாரம் அசடு வழிவார். 2021இல் எச்பிஓவில் ஏழு வாரம் ஓடிய 'மேர் ஆஃப் ஈஸ்ட்டவுன்' தொடருக்கு இந்த விளையாட்டு மும்முரமாக நடந்தது. தப்பான ஊகம்தான், ஆனால் அதற்காக ஒரு நடிகரின் முகத்தை, ஒரு வசனத்தின் தயக்கத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தார்கள்! முடிவு தெரிந்தபின் எழுத உட்கார்ந்தால் அந்தக் கண் போய்விடுகிறது. முதல் எபிசோடில் நான் யாரைச் சந்தேகித்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிருக்கும்.

'சுழல்' நினைவிருக்கிறதா? 2022இல் எட்டு எபிசோடும் ஒன்றாக வந்தன. பிரம்மாவும் அனுசரணும் பிரித்துக்கொண்டு இயக்கியது. வாரம் ஒன்றாகப் பார்த்திருந்தால் கை மாறுகிற இடத்தைக் கவனித்திருப்பேன். நான் அன்று எழுதிய கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. கிளைமாக்ஸைப் பற்றி மூன்று பத்தி இருக்கிறது.

'ஸ்குவிட் கேம்' ஒன்பது எபிசோடும் ஒரே நாளில்தானே வந்தது, உலகமே பேசியதே என்று கேட்பீர்கள். சரி, பேசியது. கோலி விளையாடும் ஆறாவது எபிசோடைத் தனியாகவே எடுத்துப் பேசினார்கள். அது தன்னளவில் முழுக்கதை என்பதால் நடந்தது அது. எல்லாத் தொடருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

அடுத்து வரும் தொடரை நாளுக்கு ஒரு எபிசோட் பார்த்து, அன்றன்றே எழுதலாம் என்றிருக்கிறேன். நீங்கள் முதல் நாளே முழுதும் பார்த்துவிடுவீர்கள். தயவுசெய்து அந்த வாரம் மட்டும் எனக்குக் கடிதம் போடாதீர்கள்.