குண்டு விழுந்த ஊர்ல திராட்சை பறிச்ச குடும்பம்

கேள்வி: லெபனான்ல உள்நாட்டுப் போர் நடந்த பதினஞ்சு வருஷமும் ஒரு குடும்பம் விடாம ஒயின் செஞ்சுதாமே, நிஜமா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: நிஜம்தாங்க, ஒரே ஒரு வருஷம் தவிர. அவங்க ஒயின் கம்பெனிக்கு ஷாட்டோ முசார்னு பேரு, 1930ல காஸ்டோன் ஹோஷார் ஆரம்பிச்சது, 1959ல அவர் பையன் செர்ஜ் ஒயின் செய்யிற பொறுப்பை எடுத்துக்கிட்டார். இதுல பெரிய சிக்கல் என்னன்னா தோட்டம் இருக்கிறது பெக்கா பள்ளத்தாக்குல, கடல் மட்டத்துலேந்து சுமார் 1000 மீட்டர் உயரத்துல, ஆனா ஒயின் செய்யிற இடம் மலையைத் தாண்டி கடலோரப் பக்கம் கஸீர்ல, நடுவுல இருக்கிற ரோட்டுலதான் சண்டையே. 1976ல அதனால ஒண்ணுமே செய்ய முடியல. 1984ல இன்னும் கொடுமை, பழம் ஏத்தின லாரிங்க நேர் வழி அடைபட்டு சுத்திக்கிட்டு வந்து சேர நாள் கணக்காயிடுச்சு, திராட்சை லாரியிலயே நசுங்கி நுரைச்சு புளிக்க ஆரம்பிச்சிருச்சு. வேற யாரா இருந்தாலும் கீழ கொட்டியிருப்பாங்க, செர்ஜ் அதையும் ஒயினாக்கினார், அந்த மனுஷன் மேல எனக்கு அவ்வளவு மரியாதை வர்றதே இதுக்காகத்தான். அதே வருஷம் டிகான்டர்ங்கிற இங்கிலாந்து ஒயின் பத்திரிகை தன்னோட முதல் மேன் ஆஃப் தி இயர் விருதை அவருக்குத்தான் குடுத்துச்சு.

வெள்ளை ஒயினுக்கு ஒபெய்தே, மெர்வான்னு அந்த மண்ணோட சொந்தத் திராட்சைங்க. சிவப்பை அறுவடை முடிஞ்சு ஏழு வருஷம் கழிச்சுத்தான் விக்கிறாங்க, அதனால போர் முடியிற சமயத்துல பறிச்ச பழம் பாட்டிலா கடைக்கு வந்தப்ப ஊர்ல சமாதானம் வந்து வருஷக்கணக்காச்சு. 2014 கடைசி நாள்ல செர்ஜ் இறந்துட்டார், ஹோஷார் குடும்பம்தான் இன்னும் நடத்துது.