ஊசி குத்தினால் கட்டி பரவுமா?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: வயிற்று வலிக்கு ஸ்கான் எடுத்தபோது 58 வயதுக் கணவரின் வலது சிறுநீரகத்தில் 3 சென்ரிமீற்றர் கட்டி தெரிந்ததாம். ஊசியால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் வைத்தியர். "குத்தினால் பரவும், சென்னைக்குக் கொண்டுபோய் சிறுநீரகத்தையே எடுங்கோ" என்கிறார் தெரிந்த ஒருவர்.

அந்தத் தெரிந்தவருக்கு இதில் கொமிஷன் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். காணி உறுதியை ஈடு வைத்துப் போய், எடுக்கத் தேவையில்லாத சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 4 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றுநோயே அல்ல.

பரவும் பயம் வேண்டாம். விறைக்க ஊசி போட்டு, ஸ்கானில் பார்த்தபடி, உறை போன்ற ஓர் ஊசிக்குள்ளால் மெல்லிய ஊசியை விட்டுத்தான் சதை எடுக்கிறார்கள். ஊசி போன வழியில் நோய் பரவுவது மிக அரிது. ஓரிரு நாள் சிறுநீரில் கொஞ்சம் இரத்தம் போகலாம். கட்டிபட்டோ, நிற்காமலோ போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கொழுப்புக் கட்டி என்று சீரீ ஸ்கானிலேயே தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் ஊசியே வேண்டாம்.

குழப்பம் அறிக்கை வந்த பிறகுதான். 'ஒன்கோசைற்றோமா' என்றொரு சாதுவான கட்டி இருக்கிறது. நுணுக்குக்காட்டியில் அதைப் போலவே தெரியும் ஒரு புற்றுநோயும் உண்டு. நூல் போன்ற துண்டை வைத்து இது அதுவா, மற்றதா என்று சில வேளை நோயியல் வைத்தியராலும் அறுதியிட முடியாது. 'உறுதியாகச் சொல்ல முடியாது' என்று எழுதியிருந்தால் ஆய்வுகூடத்தைத் திட்டாதீர்கள், உடனே வெட்டவும் ஓடாதீர்கள். இடைக்கிடை ஸ்கான் எடுத்து, வளர்கிறதா என்று பார்க்கலாமா என்று கேளுங்கள். 'சதை போதாது' என்று வந்தால் அதற்குப் புற்றுநோய் இல்லை என்று பொருளில்லை. திரும்பவும் குத்திப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஸ்கான் சீடியைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். ஒரே படத்தைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் என்று நோயாளியை பஸ்ஸில் அலைய விடுகிறோம். கணினியில் அனுப்பினால் என்ன என்று கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துவிட்டது.

கணவர் அஸ்பிரின் போன்ற, இரத்தத்தை இளக்கும் குளிசை போடுகிறாரா? திகதி குறிக்கும்போதே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.