தவளைக் கச்சேரிக்கு எந்தச் சுருதி?

கேள்வி: போன மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தேங்கிய தண்ணீரில் தவளைகள் கத்தியதைப் போனில் பதிவு செய்தேன். கம்ப்யூட்டரில் அதன் மேல் கீபோர்டு வாசித்துச் சேர்த்தால், தியான ஆப்பில் வரும் பின்னணி மாதிரி ஆகிவிடுகிறது. இதை இசையாக்குவது எப்படி? இலையில் வயர் மாட்டினால் செடி பாடும் என்று ஒரு கருவி விற்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: கீபோர்டைக் கொஞ்ச நாளைக்கு மூடி வையுங்கள். இப்போது சுருதியும் உங்களுடையது, தாளமும் உங்களுடையது. தவளைக்கு அங்கே வேலையே இல்லை. அந்த இரண்டையும் பதிவுக்குள்ளிருந்தே எடுக்கப் பாருங்கள்.

முதலில் சுருதி. நல்ல ஹெட்போனில், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் தவளைகளுக்கு அடியில் ஒரு 'ம்ம்ம்' ஓடிக்கொண்டிருக்கும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதன் ஒவ்வொரு சுற்றிலும் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு இரண்டு தடவை அதிர்வதால் நமக்குக் கேட்பது 100 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டை, அதாவது ஜி, கீழ் ஸ்தாயியில் 98 ஹெர்ட்ஸ். ஆக, உங்கள் தெரு ஐந்து கட்டைக்கு ஒரு மயிரிழை மேலே சுருதி சேர்த்து வைத்திருக்கிறது! தம்புரா ஆப்பில் ஐந்து கட்டை வைத்து, 35 சென்ட் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான தூரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) ஏற்றிப் பாருங்கள், அப்படியே பொருந்தும். எனக்கு இது முதல் தடவை பொருந்தியபோது உடம்பு சிலிர்த்தது. அதன் பிறகு தம்புராவையும் எடுத்துவிடலாம், ரீங்காரமே போதும். பலர் இதை இரைச்சல் என்று வடிகட்டித் தூக்கி எறிகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அடுத்து தாளம். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆண் தவளைகள் பல சமயம் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் மாறி மாறிக் கத்தும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் மாறி மாறி வாசிப்பது போலத்தான். அந்த இடைவெளிகளைத் தொடாதீர்கள், சீராக டிக் டிக் என்று தட்டும் மெட்ரோனோமுக்கு இழுத்து நேராக்க வேண்டாம். வி.சி.வி. ராக் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பில் 'என்வலப் ஃபாலோயர்' வைத்துக்கொள்ளலாம். ஒரு ஒலி எவ்வளவு சத்தமாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு இன்னொரு ஒலியைத் திறந்து மூடும் வேலை அதனுடையது. தவளையை அதற்குள் அனுப்பி, அது டிரான்ஸ்ஃபார்மர் ரீங்காரத்தைத் திறந்து மூடும்படி இணைத்துவிடுங்கள். தவளை கத்தும்போதெல்லாம் தெரு மூச்சு விடும். நீங்கள் ஒரு ஸ்வரம்கூட வாசிக்க வேண்டியதில்லை.

அப்புறம் வேகம். ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் பதிவைப் பாதி வேகத்துக்குக் கொண்டுவந்தால் நேரம் இரட்டிப்பாகும், ஒலி ஒரு ஸ்தாயி இறங்கும். கால்வாசி வேகத்தில் இரண்டு ஸ்தாயி இறங்கும். நமக்கு ஒரே 'க்ர்ர்க்' என்று கேட்பது பல சமயம் வரிசையாக வரும் சின்னச் சின்னத் துடிப்புகள். கால்வாசி வேகத்தில் அவை தனித்தனியாகப் பிரிந்து மோர்சிங் போல ஒலிக்கும். அதில் மூன்று நொடியை வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் சிறிது நேரத்தில் தவளை மறந்துபோய் லயம் மட்டும் மிஞ்சும். 1948-லேயே பாரிஸில் பியர் ஷேஃபர் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் ரயில் சத்தங்களை இசைத்தட்டில் பதிந்து இப்படித்தான் சுழலவிட்டார். நம் நாட்டிலும் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-லேயே மூக் சிந்தசைசருடன் (மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் கருவி) ஒரு மின்னணு இசைக்கூடம் இருந்தது. நீங்கள் செய்யப்போவது நமக்குப் புதிதல்ல.

சரி, பதிவின் தரம். போனிலுள்ள சாதாரண ரெக்கார்டர் மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது. மழையையும் தவளையையும் அது இரைச்சல் என்று நினைத்து அமுக்கப் பார்க்கும். தானாகச் சத்தத்தை ஏற்றி இறக்கும் வசதியை அணைக்கக்கூடிய ஓர் ஆப்பில், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். ஆப்பின் அளவுகோலில் பூஜ்ஜியம்தான் எல்லை, உச்சச் சத்தம் அதற்குக் கீழே மைனஸ் 12 டெசிபல் வாக்கில் நிற்கட்டும். பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு முழு மாலை நான் பதிந்ததில் காற்று மைக்கில் மோதிய 'டப டப'வைத் தவிர ஒன்றும் தேறவில்லை. அப்படி எல்லை மீறி வெடித்த ஒலியை எந்த ஃபில்டராலும் மீட்க முடியாது. மைக்குக்கு முடி வைத்த உறை ஒன்று போடுங்கள். எவ்வளவு பக்கத்தில் போகிறீர்கள் என்பதும் முக்கியம்: தூரம் பாதியானால் சத்தம் சுமார் 6 டெசிபல் கூடும்.

ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் மட்டும் நெருங்கவே கூடாது. மழைத் தண்ணீர் நிற்கும்போது ஈபி பாக்ஸ் இருக்கும் ஓரத்தில் கால் வைக்காதீர்கள், எதிர்ச் சாரியிலிருந்து பதிந்தாலே போதும். பள்ளிக்கரணைக்குப் போனாலும் சாலை ஓரத்தில் நின்றுகொள்ளுங்கள், சதுப்புக்குள் இறங்க வேண்டாம்.

செடிக் கருவி விஷயம். அது இலை வழியாக மிகச் சிறிய மின்சாரத்தைச் செலுத்தி, மின்தடை மாறுவதை அளக்கிறது. அந்த மாற்றத்தை எந்த ஸ்வரமாக ஆக்குவது என்பதைச் செய்தவர்களே முடிவு செய்து வைத்திருப்பார்கள். இனிமையாகக் கேட்பது அவர்கள் பொறுக்கிக் கொடுத்த ஸ்வரவரிசையால்தான், செடி பாடுகிறது என்று சொல்ல மாட்டேன். ஏற்கெனவே கையில் இருந்தால் ஸ்வரங்களை விட்டுவிட்டு, ரீங்காரம் மெல்ல ஏறி இறங்க அந்த அளவீட்டைப் பயன்படுத்துங்கள். இனிமேல்தான் வாங்க வேண்டும் என்றால் வேண்டாம்.

அந்தப் பணத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் நான்கைந்து பியசோ தட்டு (அதிர்வை மின்சாரமாக மாற்றும் சின்ன வட்டத் தகடு) வாங்குங்கள், விலை மிகக் குறைவு. பால்கனிக் கம்பியிலோ தண்ணீர் டேங்கிலோ ஒட்டிவிட்டால் மழை உலோகத்துக்குள் எப்படிக் கேட்கிறது என்று தெரியும். கம்ப்யூட்டரின் மைக் துளையில் நேராகச் செருகினால் அடி ஒலி காணாமல் போய்ச் சன்னமாகிவிடும். மைக்கையும் வாத்தியத்தையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியில் கிடாருக்கென்று இருக்கும் துளையில் செருகுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னாலேயே ஒட்டிச் சோதித்துவிட்டால் முதல் மழையைத் தவற விட மாட்டீர்கள்.