மூன்று சேவல்களும் கருப்பியும்

அன்புள்ள ஐயா,

பணி ஓய்வுக்குப் பிறகு கோவில்பட்டி பக்கம் வந்து தங்கியிருக்கிறேன். கொல்லையில் எட்டுப் பெட்டைகள், ஒரு பெரிய சேவல், போன வருடம் பொரித்த இரண்டு இளஞ்சேவல்கள். காலையில் கூட்டைத் திறந்ததும் இளசுகள் இரண்டும் பெட்டைகளைத் துரத்தித் துரத்தி மிதிக்கின்றன. அவை கத்துவதைக் கேட்கச் சகிக்கவில்லை. ஒன்றுக்கு முதுகில் இறகே கிடையாது. ‘இதுக்குப் பேரு குடும்பமா?’ என்கிறார் என் மனைவி. போதாததற்குக் கருப்பி என்றொரு கிழட்டுப் பெட்டை, மற்றவற்றைத் தீனிப்பக்கமே விடுவதில்லை. மூன்று சேவல்களையும் கொடுத்துவிட்டால் அமைதி வருமா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் மனைவி சொல்வது சரி, அது குடும்பம் இல்லை. ஆனால் மூன்று சேவல்களையும் ஒரே பட்டியலில் சேர்க்காதீர்கள். நாளைக் காலை ஒரு டம்ளர் டீயோடு உட்கார்ந்து பெரியதை மட்டும் பாருங்கள். புழுவோ சோளமோ கிடைத்தால் தின்னாது. அலகால் எடுப்பதும் கீழே போடுவதுமாக ‘கொக் கொக்’ என்று கூப்பிடும். பெட்டை ஓடிவந்து தின்னும். அப்புறம் ஒரு சிறகை மண்ணில் தேயத் தாழ்த்திக்கொண்டு பெட்டையைச் சுற்றி அரைவட்டம் போடும். பெட்டைக்கு இஷ்டம் என்றால் பதுங்கி உட்காரும், இல்லையென்றால் நடந்துவிடும். உட்கார்ந்தால், சேவல் முதுகில் ஏறிப் பிடரி இறகைக் கவ்வும், இரண்டும் வாலை ஒதுக்கும், நொடியில் முடிந்துவிடும். பெட்டை எழுந்து இறகை உதறிக்கொண்டு போகும்.

இளசுகளுக்கு இந்தப் பொறுமைக்கு வழியில்லை. ஆற அமர ஆடினால் பெரியது வந்து அடிக்கும். அதனால் ஒளிந்திருந்து பாய்கின்றன. நீங்கள் கேட்கிற கத்தல் அப்போது வருவது. அது வெறும் வலிக் கூச்சல் இல்லை. கத்தல் கேட்டால் பெரியது எங்கிருந்தாலும் ஓடிவருகிறதா என்று கவனியுங்கள், பெரும்பாலும் வரும். இன்னொன்றும் உண்டு. 2000இல் பிட்சாரி, பர்க்ஹெட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள்: தாழ்ந்த இடத்துச் சேவல் மிதித்தால், பெட்டை பல சமயம் அதன் விந்தை உடனே வெளியே தள்ளிவிடுகிறது. திமிறி ஜெயிக்க முடியாதவள் செய்கிற காரியம். படித்த அன்று என் கொல்லைப் பெட்டைகளை எல்லாம் புது மரியாதையோடு பார்த்தேன்.

அதற்காகத் துரத்தலை ‘இயற்கை’ என்று சொல்லிச் சும்மா விட நான் தயாரில்லை. எட்டுப் பெட்டைக்கு ஒரு சேவல் தாராளம். மூன்று என்றால் பெட்டைகளின் முதுகுதான் பாழாகும். இளசுகள் இரண்டையும் கொடுத்துவிடுங்கள். எது பெரியது என்பதில் குழப்பமே வராது, விடியலில் முதலில் கூவுவதுதான். ஜப்பானில் இதைச் சோதித்தே பார்த்து 2015இல் வெளியிட்டிருக்கிறார்கள். தலைச்சேவல் கூவிய பிறகுதான் மற்றவை வரிசைப்படி கூவின. தலையை எடுத்துவிட்டால் இரண்டாவது ஆரம்பித்தது.

மொட்டை முதுகுக்காரியைக் கொஞ்ச நாள் தனியே அடையுங்கள். ரத்தம் தெரிந்தால் மற்ற கோழிகளே கொத்திப் பெரிதாக்கிவிடும். பெரிய சேவலின் கால் முள் நுனியை அரத்தால் மழுக்கிவிடுங்கள். அதற்குப் பிடித்த பெட்டை இவளாகவும் இருக்கலாம். சேவலுக்கும் ஓரவஞ்சனை உண்டு.

கருப்பி விஷயம் வேறு. சேவல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெட்டைகளுக்குள் தனி வரிசை உண்டு. நார்வேக்காரர் ஷெல்டெருப்-எப்பே சிறுவனாக இருந்தபோதே யார் யாரைக் கொத்துகிறார்கள் என்று குறித்துவைக்க ஆரம்பித்து, 1922இல் அதை ஆய்வாகவே வெளியிட்டார். வரிசை எப்போதும் நேர்கோடு இல்லை என்பதும் அவர் கண்டதுதான். ஒன்று இரண்டைக் கொத்தும், இரண்டு மூன்றைக் கொத்தும், மூன்று போய் ஒன்றையே கொத்தும். எல்லாச் சேவலையும் கொடுத்தீர்கள் என்றால் கருப்பி நாளைக்கு மற்ற பெட்டைகள் மேல் ஏறவும் கூடும், கூவவும் கூடும். தீனித் தட்டை இரண்டாக்கி, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி வையுங்கள். அவளால் ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் நிற்க முடியாது.

புதுப் பெட்டை வாங்கினால் பட்டப்பகலில் உள்ளே விடாதீர்கள். நான் ஒருமுறை அப்படி விட்டேன். சாயங்காலம் தொட்டிக்குப் பின்னால் கொண்டையெல்லாம் ரத்தமாக ஒடுங்கிக் கிடந்தது. இரண்டு மூன்றாக வாங்கி, ஒரு வாரம் வலைக்கு அந்தப் பக்கம் வைத்து, முகம் பழகிய பிறகு ராத்திரி கூட்டில் ஏற்றுங்கள்.

பெரியதன் குஞ்சுதான் வேண்டும் என்றால் அடை வைப்பதற்கு அவசரப்படாதீர்கள். பெட்டை உடம்புக்குள் விந்து இரண்டு மூன்று வாரம் தங்கும். இளசுகள் போய் மூன்று வாரம் வரைக்கும் கிடைக்கிற முட்டையை ஆம்லெட் போட்டுவிடுங்கள்.

அன்புடன்